கோப வகுப்பு

"போன மாசம் மனைவியோட சத்தம் போட்டவங்க கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

அமிர்தநாயகம் தன் பயிற்சிப் படிவத்தைப் புரட்டினார். 'ஆண்களின் கோபத்தைக் குறைத்தல்' என்ற மூன்று நாள் பயிற்சியை நடத்தக் கொழும்பிலிருந்து வந்தவர் அவர். வங்காலைக்குப் பக்கத்தில், போர் முடிந்து மீள்குடியேறி ஒரு வருடமான அந்தக் கரைக் கிராமத்தின் தகரக் கொட்டகைக்குள் இருபது மீனவர்கள், பின்னால் தங்கள் மனைவிமாரோடு, பூசைக்கு வந்தவர்கள்போல அமர்ந்திருந்தார்கள்.

மனைவிமாருக்கு முன்னால் கூச்சமாக்கும் என்று பெண்களை வெளியே அனுப்பினார்.

ஐந்தே நிமிடத்தில் வெளியே, தண்ணீர் கொண்டுவந்த பவுசர் லொறியை மறித்துப் பெண்கள் சண்டை.

"நேற்றும் அரைத் தாங்கிதானே தந்தனீ! நிரப்பாமல் அசை பாப்பம்!"

சாரதி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே பதுங்கினான். கொட்டகைக்குள் ஆண்கள் இன்னும் சாதுவானார்கள்.

அவசரமாகப் பெண்களைத் திரும்ப அழைத்தார்.

"சரி, நடிச்சுப் பார்ப்போம். அருட்பிரகாசம், நீங்க கோபக்காரக் கணவன்."

ஆறடி அருட்பிரகாசம் எழுந்து, தன் மனைவி பெற்றிசியாவின் முன்னால் போய் நின்றார்.

"பெற்றிசியா... நேரமிருந்தால் சோத்தைப் போடுறியா?"

"இல்லை."

"சரி" என்று வந்து இருந்துவிட்டார்.

கொட்டகையே சிரித்தது. அமிர்தநாயகத்துக்கு ரோசம் வந்தது. தானே செய்துகாட்ட நினைத்து, மேசையில் ஓங்கி அறைந்தார்.

"எங்கடி போய்த் தொலைஞ்சே?"

சிரிப்பு அறுந்தது. இருபது ஆண்களும் ஒன்றாக எழுந்தார்கள். இருபது கைகள் சட்டைப்பைக்குள் போய் அடையாள அட்டையை எடுத்து நீட்டின.

அடுத்த கணம் பெண்கள் நடுவில் சுவராக நின்றார்கள். ஐந்தடிகூட இல்லாத பெற்றிசியாவின் விரல் அவர் மூக்கைத் தொட்டது.

"ஆரைப் பாத்துக் கத்துறியள் சேர்?"

"நடிப்பு அம்மா... நடிப்பு..."

அமிர்தநாயகம் கதிரையில் விழுந்தார். எத்தனையோ ஊர்களில் வகுப்பு எடுத்திருக்கிறார். இப்படியொரு வேகத்தைக் கண்டதில்லை. ஆண் அடிப்பான், பெண் அழுவாள் என்றுதான் அவருடைய படிவத்தில் அச்சடித்திருந்தது.

தேத்தண்ணி ஊற்ற வந்த ஊர்ப் பெண் அன்ரோனெற்றிடம் மெல்லக் கேட்டார்.

"இந்த ஊர் ஆம்பிளைகளுக்குக் கோபமே வராதா?"

"வந்தது சேர். சோதனைச் சாவடியிலை, அட்டையைக் கேட்டுக் கத்தின ஆமியோடை கோபப்பட்டவை ஒருத்தரும் வீட்டை திரும்பேல்லை. மிச்சமிருக்கிறவையை நாங்கள் கோபப்பட விடுறேல்லை, அவையின்ரை பங்கையும் நாங்கள்தான் கத்துறம்."