மூன்று நிலாவும் நான்கு கை ஜனங்களும்

பனிக்கோளின் பேரரசியும், தற்சமயம் கோவை மகளிர் விடுதியில் பரீட்சைக்குச் சிறைப்பட்டிருப்பவளுமாகிய என் அருமை மருமகள் காயத்ரிக்கு, அக்கோளின் நான்கு நாள் பொறுப்பு மன்னனும், காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளியும், உன் தாய்மாமனுமாகிய வீரபாகு ஆயிரம் யானை சுமக்கிற அளவு ஆசி அனுப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உன் அத்தை வடிவாம்பாள் நலம். தறியும் நலம். கோள்தான் கொஞ்சம் அப்படி இப்படி. பரீட்சை முடியும்வரை போன் பண்ணாதே என்றாய். கடிதம் எழுதாதே என்று சொல்லவில்லை.

உன் கம்ப்யூட்டர் விளையாட்டில் இன்று, ஞாயிறு, மாலை ஆறு மணிக்கு யார் கொடியின் கீழ் அதிக ஜனம் உயிரோடு இருக்கிறதோ, அவருக்குத்தான் சென்னைப் போட்டியில் இடம். உன் எதிரி ஐயம்பேட்டை உதயகுமாரின் கோளும் பனிதான். அவன் கோளைத் தொடாமல், ஜனங்களின் மரபணுவைத் திருத்திக் குளிர் தாங்க வைத்துவிட்டான். நீயோ ஜனங்களைத் தொடாமல், காற்று மெஷினும் சூடேற்றும் மெஷினும் வைத்துக் கோளையே இன்னொரு பூமியாக்கிக்கொண்டிருந்தாய். "எதையும் தொடாத, மாமா, மெஷின் ஓடிக்கினு இருந்தா போதும்" என்று கம்ப்யூட்டரை என்னிடம் ஒப்படைத்தாய்.

நானும் தொட்டிருக்க மாட்டேன். வியாழக்கிழமை பார்த்தால் உன் கோளின் வானத்தில் மூன்று நிலா, அதில் ஒன்று தேய்ந்து காணாமலே போயிருந்தது. அமாவாசையன்று நம் தெருவில் எவனாவது தறியில் உட்காருவானா? மெஷின்களுக்கு லீவு விட்டேன். அது முடிந்ததும் இரண்டாவது நிலாவுக்கு அமாவாசை, பிறகு மூன்றாவதற்கு, மறுபடி முதலாவதற்கு என்று லீவு நீண்டுகொண்டே போனது. அந்த ஊரில் நாட்கள் நிமிஷமாய் ஓடுகின்றன, என்ன செய்ய!

"இன்னாங்க, அங்க யாரு தறி ஓட்டறாங்க?" என்றாள் உன் அத்தை.

"காத்தையே நெய்யுது இந்த மெஷினு. அதுக்கு ஒரு மரியாதை வேணாமா?" என்றேன்.

வெள்ளிக்கிழமைக்குள் மலையெல்லாம் பனி. திரையைத் தொட்டால் விரல் விறைத்தது; கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்த காபி ஐஸ்கிரீமானது. உன் லட்சம் ஜனங்களும் பல் கிட்டி நின்றார்கள். மனசு கேட்காமல் சனிக்கிழமை மரபணு அறையைத் திறந்துவிட்டேன்.

"இருபத்தாறு வருஷமா ஒத்த ஆள என்னால மாத்த முடியல. நீங்க லட்சம் பேர மாத்தப் போறீங்களா?" என்றாள் உன் அத்தை.

"அவங்கல்லாம் நல்லவங்கம்மா. மாறிடுவாங்க."

எல்லோருக்கும் கரடி ரோமம் கொடுத்தேன். திறந்ததுதான் திறந்தோம் என்று ஆளுக்கு இரண்டு கை கூடுதலாகவும் கொடுத்தேன். கரைக்குத் தனி நூல் ஓட்டும் கோர்வைச் சேலைக்கு எதிர்க்கரையில் உட்கார்ந்து நூல் நாடா வீச ஆள் தேடி நான் படுகிற பாடு அந்த ஜனங்களுக்காவது வேண்டாமே!

இன்று காலை மூன்று நிலாவும் ஒன்றாய் வளர்ந்தன. லீவு முடிந்து மெஷின்கள் ஓடின. ஒரு மணி நேரத்தில் கோள் கத்திரி வெயில் காஞ்சிபுரமாகிவிட்டது. ரோமத்துக்குள் வெந்துபோன ஜனங்கள் நான்கு கையையும் நீட்டி என்னைத் திட்டினார்கள் பார், அப்படி ஒரு திட்டை உன் அத்தையிடம்கூட வாங்கியதில்லை. நான் மெஷினை நிறுத்துவதற்குள் அத்தனை பேரும் கப்பலேறி உதயகுமாரின் குளிருக்கே குடிபோய்விட்டார்கள். இங்கே மிச்சம் பதினோரு பேர், அதுவும் கப்பலைத் தவறவிட்டவர்கள்.

"உங்க ஆளுங்கோ எல்லாம் எங்க ஊர்லதான் இருக்குறாங்கோ. தேங்க்ஸ் அங்கிள்!" என்று அவன் போனில் சிரிக்கிறான்.

மணி நான்கு. நீ ஆறு மாதம் தூக்கம் கெட்டுக் கட்டின கோளை நான்கே நாளில் கரைத்துவிட்டேன், கண்ணு. மாமனை மன்னித்துவிடு. உன் பேனா வழுக்காமல் எழுத வரதரும் காமாட்சியும் துணை நிற்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
முகம் காட்ட வெட்கப்படும்
மாமன் வீரபாகு

பின்குறிப்பு: மணி ஆறேகால். மேலே மன்னிப்பு என்று வருகிற இடத்தை அடித்துவிட்டுப் படிக்கவும். எங்கே குடிபோனாலும் ஜனங்கள் நம் கொடிக்குத்தான் கணக்காம்! அவன் குளிரில் குஷியாகி, நான்கு கையால் அவன் களஞ்சியத்தை வழித்துத் தின்று, இரண்டே மணி நேரத்தில் மூன்று லட்சமாகிவிட்டார்கள். ஜெயித்தது நீ. "அங்கிள், இந்த பிளான எப்போ போட்டீங்கோ?" என்று உதயகுமார் அழாத குறை. "வியாழக்கிழமையே போட்டேம்பா" என்றேன். சென்னையில் கேட்டால் நீயும் அதையே சொல். உன் அத்தையிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்காமல் பார்த்துக்கொள்.