சீனத்து வைரவருக்கு ஒரு வடைமாலை

சீனாவைப் பற்றிச் சீனர்களுக்கே பாடம் எடுத்த ஒரே யாழ்ப்பாணத்தவர் இந்த உலகத்தில் சோயாசோஸ் அண்ணைதான். சுவிஸில், லுசேர்ண் நகரத்தில் நாங்கள் வேலை செய்த சீன உணவகத்தின் முதலாளி ஹொங்கொங்கில் பிறந்தவர். அவரையே அடுப்படியில் மறித்து, சீனப் பெருஞ்சுவரை ஏன் வளைத்து வளைத்துக் கட்டினார்கள் என்று அண்ணை விளக்குவார். முதலாளி வாயைப் பிளந்து கேட்பார். அண்ணை சீனாவைக் கண்டது அரிசி வியாபாரி கொடுத்த கலண்டரில் மட்டும்தான்.

அவருக்கும் நல்லதொரு பெயர் இருந்தது. ஆனால் குழல்புட்டுக்குச் சோயாசோஸ் ஊற்றிச் சாப்பிடுகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவர் வறுப்பார், நான் மரக்கறி வெட்டுவேன். என்னைவிட மூன்றே வயது மூத்தவர். கதைக்கத் தொடங்கினால் முந்நூறு வயது மூத்தவர்.

அந்த அடுப்படியில் முதலாளி ஒரு சாமி வைத்திருந்தார். சிவந்த முகம், நெஞ்சு வரை தாடி, கையில் நீட்டுக் கத்தி, முன்னால் ஒரு சிவப்பு பல்ப். அண்ணை முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இது எங்கடை வைரவர்."

"வைரவருக்குத் தாடி இல்லையே, அண்ணை?"

"சீனாவிலை குளிரடா. வளர்த்திருப்பார்."

அண்ணையின் மனைவி பவளம் அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் விசாவுக்காகக் காத்திருந்தார். கல்யாணம் முடித்து நாலாம் மாதம் பிரிந்தவர்கள். ஆறு வருடம் ஓடிவிட்டது. அண்ணை தாடி வைரவருக்கு நேர்த்தி வைத்தார். விசா கிடைத்தால் ஐம்பத்தொரு வடையில் மாலை, அதுவும் அந்தச் சாமியின் சொந்தச் சீனக் கோயிலில். தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஒக்டோபரில் விசா கிடைத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விமானம் என்றும் முடிவானது. அன்றைக்கே அண்ணைக்கு உதறலும் எடுத்தது.

"நேர்த்தியைச் செய்யாமல் விட்டா, எயார்போட்டிலை வைச்சே அவளைத் திருப்பி அனுப்பிப்போடுவினம்."

"இஞ்சையே மாலையைப் போட்டுவிடுங்கோவன், அண்ணை."

"கோயில் எண்டு வாய்விட்டுச் சொல்லிப்போட்டன். வைரவரோடை விளையாடச் சொல்லுறியோ?"

சுவிஸில் சீனக் கோயிலுக்கு எங்கே போவது? முதலாளி தலையைச் சொறிந்தார். சூரிச் ஏரிக்கரையில் சீனத் தோட்டம் ஒன்று இருக்கிறது, பழைய சீனச் சிலைகள் உள்ள மியூசியமும் இருக்கிறது, அதற்கு மேல் தனக்குத் தெரியாது என்றார். செவ்வாய்க்கிழமை எங்கள் உணவகத்துக்கு ஓய்வுநாள். விடியற்காலை எழும்பி அண்ணை உழுந்து வடை சுட்டார், நூலில் கோத்தார், பெட்டியில் வைத்தார், என்னையும் இழுத்துக்கொண்டு ரயில் ஏறினார். ரயில் பெட்டி முழுக்க வடை வாசம். எதிரில் இருந்த வெள்ளைக்காரர் மூக்கை எங்கள் பக்கமே வைத்திருந்தார். படைக்குமுன் தொடக்கூடாது என்று அண்ணை எனக்கே ஒன்று தரவில்லை, அவருக்கா தருவார்?

சூரிச்சின் பழைய தெருக்கள் வழியாக நடந்தோம். வீடுகளின் நெற்றியில் கட்டிய ஆண்டை எழுதியிருந்தார்கள். உல்லாசப் பயணிகள் அண்ணாந்து அண்ணாந்து படம் பிடித்தார்கள். அண்ணை ஒன்றைக்கூட மதிக்கவில்லை.

"அறுநூறு வருசமாம்! சீனாவிலை இது நேற்றுக் கட்டின வீடு."

தோட்டத்தைக் கண்டதும் ஆள் உருகிவிட்டார். சிவப்புச் சுவர், வாசலில் கல் சிங்கம், வளைந்த கூரை. "கோயில்தான்ரா!" என்று சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். மழை ஈரத்தில் நானும் சொக்ஸோடு நடந்தேன். எங்களைப் பார்த்து ஒரு சுவிஸ் தம்பதி கழற்றினார்கள். அவர்களைப் பார்த்து ஒரு ஜப்பான் கூட்டமே கழற்றியது. கால் மணித்தியாலத்தில் வாசலில் நல்லூர்த் திருவிழாபோலச் செருப்புக் குவியல். காவலாளி ஓடிவந்து, இங்கே அப்படி ஒரு சட்டமே இல்லை என்று ஒவ்வொருவரிடமாகக் கெஞ்சினார்.

உள்ளே குளம் இருந்தது, மீன் இருந்தது, பாலம் இருந்தது. சாமி இல்லை. அண்ணை மண்டபம் மண்டபமாகத் தேடினார்.

"மூலஸ்தானம் இல்லாமல் கோயில் கட்டியிருக்கிறாங்கள், விசரன்கள்" என்றார். குரல் இறங்கிவிட்டது.

அடுத்துப் போன மியூசியத்தில் சாமிகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஒருவருக்கு மூக்கில்லை, ஒருவருக்குக் கையில்லை. பின்னமான விக்கிரகத்துக்குப் படைக்கக்கூடாது. அண்ணை ஒவ்வொரு சிலையிடமும் குனிந்து விரல்களை எண்ணினார். எங்களுக்குப் பின்னால் காவல்காரப் பெண்மணி ஒருவர் வர ஆரம்பித்தார். வெள்ளைத் தலை, இறுகிய வாய், எங்கள் ஊர் ரீச்சர்மாரின் நடை.

கடைசி அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், முழி பிதுங்கிய முழு ஆள் ஒருவர் கோபமாக நின்றார். விரல் பத்தும் இருந்தது. அண்ணை வடைப் பெட்டியைத் திறந்து மாலையை எடுத்ததுதான் தாமதம், "நைன்! நைன்!" என்று அந்த அம்மா பாய்ந்து வந்தார்.

அண்ணையிடம் இருந்த டொச் என்கிற ஜெர்மன் முழுக்க அடுப்படி டொச். வெங்காயம், சீக்கிரம், சூடு. அதை வைத்துக்கொண்டு மனிதர் ஆறு வருடத்தைச் சொல்லப் பார்த்தார். "மைன ஃப்ராவ்... சோன்டாக்... சூரிச்..." என் மனைவி, ஞாயிற்றுக்கிழமை, சூரிச். அதற்கு மேல் வரவில்லை. கண் கலங்கிவிட்டது. மிச்சத்தை நான் சொன்னேன்.

அந்த அம்மா வடையைப் பார்த்தார், சிலையைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். மனைவியின் பெயர் என்ன என்று கேட்டார். கண்ணாடியைத் தொடக்கூடாது, ஒரு நிமிடம் மட்டும் என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தார். அண்ணை இரண்டு கையிலும் மாலையை ஏந்திக் கண்ணாடிக்கு முன் நின்றார்.

அதன்பின் சனிக்கிழமை வரை எனக்கு நிம்மதி இல்லை. கோழி வறுக்கும்போதும் கேட்பார், கோப்பை கழுவும்போதும் கேட்பார்: "கழுத்திலை போடாமல் காட்டினது செல்லுமோடா?" செல்லும் என்று சொல்லிச் சொல்லி என் வாய் நொந்தது.

ஞாயிற்றுக்கிழமை சூரிச் எயார்போட்டில் காத்து நின்றோம். விமானம் வந்தது. எல்லோரும் வெளியே வந்தார்கள். பவளம் அண்ணி வரவில்லை. அரை மணித்தியாலம் போனது. ஒரு மணித்தியாலமும் போனது. அண்ணையின் முகத்தில் இரத்தமே இல்லை.

"என்ரை பிழைதான். கண்ணாடியை உடைச்செண்டாலும் போட்டிருக்கவேணும்."

பகிடி விட எனக்கும் தெம்பில்லை.

அப்போது கதவு திறந்தது. ஒரு மெலிந்த பெண், பெரிய சூட்கேஸோடு, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் கொண்டுவந்த ஒடியல் மா, காய்ந்த பனங்கிழங்கை இடித்த மா, என்ன தூள் என்று சுங்கக்காரர்கள் ஒரு மணித்தியாலமாக மணந்து பார்த்தார்களாம்.

"நல்லாய் மெலிஞ்சு போனியள்" என்றார் அண்ணி. அண்ணை சூட்கேஸை வாங்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"நீ ஏனடா அழுறாய்?"

அண்ணியைக் கண்ட சந்தோஷம் என்று சொன்னேன். அண்ணியை நான் அதற்கு முன் கண்டதே இல்லை. அந்த மனிதருக்காகத்தான் அழுதேன்.