பெட்டி இரண்டு, தலைமை ஒன்று

அன்பும் மதிப்பும் உள்ள மாப்பிள்ளைக்கு,

மாமியார் எழுதிக்கொள்வது. இங்கு நலம். இந்தச் சொல்லை இந்த முறை சற்றுக் கவனமாகப் படியுங்கள். ஏனென்றால் நான் செவ்வாய்க்கிழமை காலமாகிவிட்டதாக உறவினரிடையே ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. செவ்வாய்க்கிழமை முழுவதும் நான் வீட்டில்தான் இருந்தேன். எனக்கு வந்த மலர்வளையத்தை நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். என் மகளும் பேத்தியும் நலமென நம்புகிறேன்.

வீட்டில் இணையம் அறுந்துபோகக் கூடாது என்று உங்கள் மைத்துனன் இரண்டு பெட்டிகள் வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். ஒன்று முதன்மை, மற்றது மாற்று. முதன்மை ஓயாமல் "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். அது வாயை மூடினால் மாற்று எழுந்து அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். இதற்கான மென்பொருளை அவனும் நண்பர்களும் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் உறுப்பினராக இருக்கும் தரநிலைக் குழுவோ அதை ஏற்க மறுத்து வேறு முறை வைத்திருக்கிறது. இந்த வழக்கில் நான் இதுவரை மகன் பக்கம். அதை மறைப்பது நேர்மையல்ல.

உங்களோடு வாதாட மாநாட்டுக்குப் புறப்பட்டவன், அந்த முறையை என் தலையிலும் கட்டிவிட்டான். வீட்டுக்கு நான் முதன்மையாம், பல் மருத்துவரான மருமகள் மாற்றாம். மணிக்கு ஒருமுறை நான் கைபேசியில் 'இருக்கிறேன்' என்று அழுத்த வேண்டும். தவறினால் வெளியே எங்கோ இருக்கும் கணினியிலிருந்து குடும்பத்தார் எல்லோருக்கும் தானாகச் செய்தி போகும்.

"எதுக்குடா இது? நான் என்ன பெட்டியா?" என்றேன்.

"பெட்டி இவ்வளவு கேள்வி கேக்காதும்மா" என்று சொல்லிவிட்டு வண்டியேறினான்.

அவன் போனபின் அலமாரியில் நீங்கள் அவனுக்கு அன்பளிப்பாக அனுப்பிய பெட்டியைக் கண்டேன். உறையே பிரிக்கவில்லை. பரிசைப் பிரிக்காமல் வைப்பது பொய் சொல்வதற்கு அடுத்த குற்றம் என்று கன்னியாஸ்திரீகள் பள்ளியில் கற்று வளர்ந்தவள் நான். எனவே அதைத் துடைத்து, அவன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் மரியாதையாக வைத்து, காலியாக இருந்த துளையில் கம்பியைச் செருகினேன். உங்கள் பெட்டி உங்கள் முறைப்படி "நான்தான் தலைவன்" என்றது, அவனுடையது அவன் முறைப்படி "இல்லை, நான்தான்" என்றது, ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியவில்லை, இரண்டும் வீட்டின் ஒரே இணைய முகவரியைப் பிடித்து இழுத்தன. நீங்கள் இருவரும் மேடையில் அப்போது செய்துகொண்டிருந்ததும் அதுதான் என்று கேள்விப்பட்டேன். இணையம் படுத்துவிட்டது. நான் மணி தவறாமல் அழுத்தினேன்; ஒன்றும் வெளியே போகவில்லை. படிக்கும்போது கைபேசியின் ஒலியை அடைத்துவிடுவது என் வழக்கமாதலால், வந்த அழைப்புகளும் என் காதில் விழவில்லை. 'முதன்மை மௌனம். மாற்று பொறுப்பேற்றது' என்று உறவு முழுக்கச் செய்தி பறந்தது. என் ஓரகத்தி உடனே மலர்வளையம் அனுப்பினாள். அவ்வளவு விரைவாக அவள் எனக்கு வேறெதையும் அனுப்பியதில்லை.

மருமகள் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். பாதி அடைத்த பல்லோடு ஒரு நோயாளியையும் காரில் ஏற்றிவந்திருந்தாள்.

"அத்தை, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கு ஆகலைம்மா. இவருக்கு என்ன ஆச்சு?"

அந்த மனிதர் வாய் நிறையப் பஞ்சோடு என்னிடமே எனக்கான அனுதாபத்தைத் தெரிவிக்க முயன்றார். மலர்வளையத்தைச் சற்றுப் பிடிக்கச் சொல்லி அவரிடம் கொடுத்தேன்.

ஆனால் வரும் வழியிலேயே அவள் பொறுப்பேற்றுவிட்டாள், மாப்பிள்ளை. இரவு உணவு நேரம் மாறிவிட்டது. வரவேற்பறைத் திரைகளை வெளுக்கப் போட உத்தரவாகிவிட்டது. வந்த வேகத்தில் சாமான் அறைச் சாவியும் அவள் பைக்குள் போய்விட்டது. சமையல்காரரிடம் உப்பைக் குறைக்கச் சொன்னால், "சின்னம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கறேங்க" என்கிறார்.

மகன் திரும்பியதும் சாவியை வாங்கித் தரச் சொன்னேன்.

"முடியாதும்மா. என் முறையில, விட்டுட்டுப் போனவங்க திரும்பி வந்தா காத்திருக்கணும். இப்ப இருக்கறவங்க நல்லா ஓட்டிட்டிருக்கும்போது மாத்தினா எல்லாம் ஆட்டம் கண்டுடும்."

"நான் எங்கேடா விட்டுட்டுப் போனேன்? நாற்காலியிலதானே இருந்தேன்?"

"சத்தம் கேக்கலைன்னா போனதாத்தான் கணக்கு. மச்சானோட குழு முறையிலதான் பழைய ஆள் வந்ததுமே பிடுங்கிக்குவாங்க. அநாகரிகம்."

ஆகவே கட்சி மாறிவிட்டேன். கணவர் போனபின் இந்த வீட்டைத் தனியே நடத்தியவள் நான். என் வீட்டில் உப்பின் அளவுக்கு மனுப்போட வேண்டிய நிலையில் இருக்க முடியாது. திரும்பி வந்த முதன்மைக்கு உடனே தலைமை உண்டு என்று உங்கள் குழுவின் முத்திரையோடு தீர்ப்பு அனுப்பினால், சாவியை நானே கேட்டு வாங்கிக்கொள்வேன்.

நீங்கள் மூவரும் குறையின்றி வாழ வேண்டுகிறேன். பேத்தியை எழுதும்போது நேராக உட்காரச் சொல்லவும்.

இப்படிக்கு,
உயிரோடுள்ள
உங்கள் மாமியார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு காலைப்பொழுது கடந்துவிட்டது. பால் திரிந்தது, அவளைக் கேட்டார்கள். குழாய்க்காரர் வராமல் ஏமாற்றினார்; அவள் சண்டை போட்டாள். ஓரகத்தி தொலைபேசியில் அழைத்து நீட்டி முழக்கினாள்; அவளே பேசி முடித்தாள். நான் எட்டு மணிவரை தூங்கினேன், செய்தித்தாளை விளம்பரம் உட்படப் படித்தேன். மாற்றாக இருப்பது இவ்வளவு சுகம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இன்று 'இருக்கிறேன்' என்று நான் ஒருமுறைகூட அழுத்தவில்லை. எனவே மேற்கண்ட கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். மகனுடைய முறையே சரி என்று உங்கள் குழு தீர்மானிக்கட்டும். அவள் சாவியைத் திருப்பித் தர வந்தால் காட்டுவதற்கு, அந்தத் தீர்மானத்தைத் தொலைபேசியில் சொல்லாமல் எழுத்து மூலம் அனுப்பிவையுங்கள்.