அடுத்த லைனில் அழுதவன்

மனைவி இறந்து நான்கு மாதமாகியும் ஒரு சொட்டுக்கூட அழவில்லை என்பதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான். நினைத்ததோடு விட்டிருந்தாலாவது மரியாதை மிஞ்சியிருக்கும். எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறினால் பெங்களூர் போய்ச் சேரும் வரை, எதிர் சீட்டில் மாட்டியவர்களுக்கெல்லாம் துக்கத்தைக் கையாளுவது எப்படி என்று பாடம் எடுத்தேன். மூச்சுப்பயிற்சி, நடைப்பயிற்சி, தூங்குமுன் நன்றியோடு நினைக்க வேண்டியவை. (பங்காருப்பேட்டை வந்ததும் பலர் வேறு பெட்டிக்கு மாறினார்கள். துக்கம் தெளிந்து போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.)

மல்லிகா போன பிறகு நான் வாங்கிய மனவலிமைப் புத்தகங்கள் அவளுடைய புடவை அலமாரியில் பாதியைப் பிடித்துக்கொண்டன. அழுவது நல்லது என்ற அத்தியாயத்துக்கும் அடிக்கோடு போட்டிருந்தேன், மற்றவர்களுக்குப் பயன்படுமே என்று.

மகள் யசோ மட்டும் நம்பவில்லை. என்னைத் தனியாக விடப் பயந்து, பெங்களூரில் தங்கிப் பார்த்த வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேலை இல்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

"ஒருதரம் அழுதுடுங்கப்பா. நான் நிம்மதியா கெளம்பிடறேன்."

"அழுகை வரலைம்மா. மனசைப் பக்குவப்படுத்திட்டேன்."

"பக்குவமா? நேத்து அம்மா தட்டுல சோறு போட்டு எதிர்ல வெச்சிகினு ஒக்காந்திருந்தீங்க."

"அது பழக்கம்."

அவள் பெட்டியைத் திறந்தாள், மூடினாள், கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அந்த வாரம்தான் ரயில் நண்பர் நாகராஜின் அம்மா காலமானார். ஆண்டர்சன்பேட்டைப் பக்கம், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசை வரிசையாகக் கட்டிய லைன் வீடு. லைன் வீடுகள் ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்தவை. குடித்துவிட்டு வருகிறவர்கள் அடுத்த லைனில் போய்க் கதவைத் தட்டுவது அங்கே சகஜம். நான் தெளிவாகவே போய்த் தட்டினேன்.

லைன் முனையில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், பேண்டு. வேறென்ன வேண்டும்? இது யார் வீடு என்று ஒருவரையும் கேட்கவில்லை. துக்க வீட்டில் கேள்வி கேட்காதே, சும்மா கூட இரு என்று புத்தகத்தில் படித்திருந்தேன். நாகராஜின் அம்மாவை நான் பார்த்ததும் இல்லை. நேரே போய் மாலையைப் போட்டேன். நாகராஜைக் காணோம். குழி வெட்டும் இடத்துக்குப் போயிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வயதான அம்மாள். தலைமாட்டில் முண்டா பனியனோடு ஒரு பெரியவர், கணவராகத்தான் இருக்க வேண்டும். பெட்டியின் குளிரில் கண்ணாடி மங்க மங்க, தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். முகம் தெரியும். கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கும். மறுபடி துடைப்பார். அழவில்லை.

மல்லிகா இதே மாதிரிப் பெட்டியில் கிடந்த அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? டீ பற்றாது என்று கத்தினேன். பிளக் பாயிண்டுக்காகப் பெட்டிக்காரரோடு சண்டை போட்டேன். நாற்காலிகளை நிழலுக்கு மாற்றினேன். அவள் முகத்துக்கு மேல் படிந்ததை யார் துடைத்தார்கள்? தெரியாது. யாராவது துடைத்தார்களா என்பதும் தெரியாது.

பழைய பஸ் மேடு ஏறுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அது என்னிடமிருந்துதான் வருகிறது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பேண்டு நின்றது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு, "கூட இல்லாம போயிட்டேனே" என்று ஓலமிட்டேன். (ஊரார் முன்னால் சொல்வதற்கு எனக்குக் கிடைத்த வாக்கியத்தைப் பாருங்கள்.)

"யார்டி இது?"

"தெர்லக்கா. பெரிம்மாவுக்குச் சொந்தமோ இன்னாவோ."

"சொந்தம்னா எனுக்குத் தெரியாதா? ஊட்ல பங்கு கேக்க வந்தவனாட்டம் கீறான்."

"கூட இல்லாம போயிட்டேன்றானே. பெரிம்மா இவன எங்கனா உட்டு வளத்துச்சா?"

மூத்த மகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். பெரியவர் அவரைக் கையால் தடுத்து, என்னை நாற்காலியில் உட்காரவைத்து, துண்டைக் கொடுத்தார்.

"இன்னா சார், எங்க ஊட்டுக்காரிய உனக்கு எப்டி தெரியும்?"

"நாகராஜ்... நாகராஜோட அம்மா..."

மூத்த மகன் பின்பக்கம் கை காட்டினார்.

"நாகராஜ் ஊடு பின்னாடி லைனு சார். அது வேற சாவு."

இந்த ஊரில் பூமியைப் பாதாளம் வரைக்கும் தோண்டிவைத்திருக்கிறார்கள். எனக்குத் தேவைப்பட்ட இடத்தில் ஒரு பள்ளம் இல்லை.

"என் பொண்டாட்டி போய் நாலு மாசம்" என்றேன்.

மகன் மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டார். பெரியவர் என் கையில் ஒரு டீயைத் திணித்தார்.

"ரெண்டு ஷிப்டு அழுவைய ஒண்ணா அழுதுட்ட. டீ குட்சிட்டு போ சார். துண்ட குடுத்துட்டுப் போ, எனுக்கு வேல கீது."

பின் லைனுக்குப் போனபோது கையில் மாலை இல்லை, கண்ணில் ஈரமும் இல்லை. என் வீங்கிய முகத்தைப் பார்த்த நாகராஜ் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எங்கம்மாவுக்காக வழியெல்லாம் அழுதுகினு வந்தியா சார்?" தலையாட்டினேன். மனவலிமை என்பது சில சமயம் அவ்வளவுதான்.

செய்தி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. யசோ முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் இருவரும் சிரிக்கவில்லை. விளக்குப் போடக்கூட எழுந்திருக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவள் பெங்களூர் போனாள். நான் இப்போது வீட்டிலேயே அழுகிறேன், பெரும்பாலும் சமையலறையில். சரியாக வருவதில்லை, ஆனாலும் அழுகிறேன். அந்த லைனில் யாராவது இறந்தால், "சாருக்குச் சொல்லிட்டீங்களா?" என்று இன்றும் கேட்கிறார்களாம்.

மல்லிகாவின் தங்கை தேவகி முழுக் கதையையும் கேட்டாள். வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அக்கா இருந்தப்பவும் இப்டித்தான் மாமா. ஊட்ல வாயே தொறக்க மாட்டீங்க. எல்லாம் அடுத்த ஊட்லதான்."