இரண்டு புள்ளி ஏற்றிய முகம்

தாராவி, மும்பை
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய அக்கா முப்பிடாதியம்மாளுக்கு, தம்பி பிரம்மநாயகம் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கு நான், வீட்டில் அவள், மகள் முத்துமாரி, கடையில் உள்ள இரண்டு பிரிண்டரில் ஒன்று ஆகிய நாலு பேரும் நல்லபடியாக இருக்கிறோம். தாணேயில் உன் சுகமும் அத்தானின் முழங்கால் சுகமும் எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசை.

போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீ நினைப்பாய். கோபப்படாதே. போனில் 'யக்கா' என்பதற்கு அடுத்த வார்த்தை சொல்ல எனக்கு இதுவரை வாய்த்ததில்லை. நீ பேசி முடித்து வைக்கும்போது நான் எதற்குக் கூப்பிட்டேன் என்பது எனக்கே மறந்துபோகும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். விஷயம் இரண்டு. ஒன்று, உனக்கு நன்றி சொல்ல வேண்டும். இன்னொன்று, கோட்பந்தர் ரோடு மாப்பிள்ளை வீட்டாரிடம் நீ கொடுத்திருக்கிற முத்துமாரி போட்டோவை, அடுத்த ஞாயிறு அவர்கள் பெண் பார்க்க வருவதற்குள் திரும்ப வாங்கிவிட வேண்டும். ஏன் என்று பொறுமையாகப் படி.

ஜனவரியில் நடந்ததை நீயும் பக்கத்தில் இருந்து பார்த்தாய். முதலில் வந்த மாப்பிள்ளையின் அம்மா, காப்பித் தட்டோடு நின்ற முத்துமாரியைப் பார்த்தார். கையில் இருந்த போட்டோவைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். பிறகு, "போட்டோவுல உள்ள பொண்ணு எங்க? அவள வரச் சொல்லுங்க" என்றார். கேசரியை மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் போட்டோ என் கடையில், என் கையால் ஆனது. இப்போது கோட்பந்தர் ரோட்டில் இருப்பதும் அதேதான். கல்யாணப் போட்டோ என்றால் கம்ப்யூட்டரில் நிறத்தை இரண்டு புள்ளி வெளுப்பாக ஏற்றிக் கொடுப்பது 'முத்துமாரி டிஜிட்டல் ஸ்டூடியோ'வின் இருபத்தாறு வருட வழக்கம் என்பது தொண்ணூறடி ரோடு முழுக்கத் தெரியும். மகள் என்பதால் அன்று நாலு புள்ளி ஏற்றியிருந்தேன். பாசம் கண்ணை மறைத்துவிட்டது. கடைக்கு அவள் பெயரை வைத்தேன், அவள் முகத்தைத்தான் வைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "தண்ணி வந்துட்டு", "கேஸ் தீந்துட்டு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். நான் சுவருக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வேன். ஆறு மாதம், அக்கா. கோலி என்கிற ஒற்றை அறையில் மூன்று பேர் இருக்கிற வீட்டில் ஆறு மாதம் பேசாமல் இருப்பது லேசில்லை.

இப்படி இருக்கையில் போன ஞாயிறு மத்தியானம் என்ன ஆனது என்றால், முத்துமாரி தன் லேப்டாப்பைத் திறந்து வைத்தபடி பால் வாங்கக் கீழே போனாள். செம்பூரில் அவள் போகிற ஆபீஸில் என்ன வேலை என்று யார் கேட்டாலும் நான் 'கம்ப்யூட்டர்' என்று சொல்லி முடித்துக்கொள்வது வழக்கம். அதற்கு மேல் எனக்கும் தெரியாது, கேட்கிற நிலைமையிலும் நான் இல்லை. எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு பெண் நிற்கிறாள். பக்கத்தில் ஒரு பட்டியல். உயரம், உடல்வாகு, நிறம், கண், மூக்கு, முடி, குலம், தொழில், பிறந்த ஊர். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மகள் கோபத்தை விட்டுவிட்டுத் தானாகவே கல்யாணப் பதிவுக்கு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். நட்சத்திரமும் ராசியும் கேட்கவில்லையே என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

குலம் என்ற இடத்தில் மனிதர் என்று இருந்தது. கீழே இழுத்துப் பார்த்தால் எல்ஃப், பாதி எல்ஃப், குள்ளர், பாதி அசுரர் என்று நான் கேள்விப்படாததாக வருகிறது. பக்கத்துக் கடையில் மொபைல் ரிப்பேர் பார்க்கும் கலீலுல்லா பாய்க்குப் போன் போட்டு, "வே, இந்த எல்ஃப்னா எந்தப் பக்கத்து ஆளுவ?" என்று கேட்டேன். அவரும் நிதானமாக யோசித்துவிட்டு, "கர்நாடகா சைடு ஆளுவளா இருக்கும் வே, எதுக்கும் நல்லா விசாரிச்சுக்கிடும்" என்றார். சரி, குலத்தை நாம் தொட வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் மற்றதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. உயரம் ஐந்தடி பத்து என்று போட்டிருக்கிறாள். ஐந்தடி பத்துக்கு மாப்பிள்ளைக்கு எங்கே போவது? ஐந்தடி மூன்றாக்கினேன். கன்னத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, ஏதோ போலீஸ் கேஸில் மாட்டினவள் மாதிரி. அதை எடுத்தேன். ஒட்ட வெட்டிய முடியை இடுப்பு வரை பின்னலாக இறக்கினேன். தொழில் 'வாரியர்' என்று இருந்தது. கையில் வாள் வேறு. கீழே தேடியதில் 'ஹீலர்' என்று ஒன்று கிடைத்தது. நர்ஸ் மாதிரி என்று புரிந்துகொண்டு அதைப் போட்டேன். நர்ஸ் வேலைக்குத் தாணே பக்கம் நல்ல மரியாதை இருக்கிறது என்று நீதானே சொல்வாய். மூக்கு கொஞ்சம் அகலம், எங்கேயோ பார்த்த மூக்கு மாதிரி இருந்தது. அதையும் கூராக்கினேன். கடைசியாக நிறம். அதை நகர்த்த ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு பொத்தான். என் கடையில் நான் தினமும் இழுக்கிற அதே கோடு, அக்கா. இரண்டு புள்ளி ஏற்றினேன், பார்த்தேன், இன்னும் இரண்டு ஏற்றினேன். கை தானாகப் போனது. 'கன்ஃபர்ம்' என்று கேட்டது. முருகா என்று அமுக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி பேப்பர் படிக்க உட்கார்ந்தேன். அவள் வந்து, பார்க்காமலே லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள். அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

திங்கட்கிழமை மத்தியானம் கடையில் இருக்கும்போது அவள் போன். "எப்பா, நீங்க என் லேப்டாப்ப தொட்டியளா?" ஆறு மாதம் கழித்து என் மகள் என்னை 'எப்பா' என்று கூப்பிட்டுவிட்டாள் என்ற சந்தோஷத்தில் மீதிக் கேள்வி எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. "ஆமாட்டி, நம்ம ப்ரொஃபைல கொஞ்சம் சரி பண்ணேன்" என்றேன். பிறகு, "வீட்டுக்கு வந்து பேசுதேன்" என்று வைத்துவிட்டாள். வீட்டுக்காரியிடம் போய்ச் சொன்னேன். "வெளுக்காம உங்களுக்கு ஒரு நாளு போவாதோ? என் கல்யாண போட்டோவுல உங்க பக்கத்துல நிக்கவ யாருன்னு இருபத்தெட்டு வருசமா நானும் தேடுதேன்" என்றாள். இத்தனை வருடமாக இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க எங்க கேட்டிய?" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் முத்துமாரி வந்து சொன்ன பிறகுதான் எனக்கு முழுக்கதையும் தெரிந்தது. அது கல்யாணப் பதிவு இல்லை. அவள் ஆபீஸில் ஒரு வீடியோ கேம் செய்கிறார்கள். மந்திரம், வாள், அசுரர், குகை எல்லாம் உள்ள கதை. எல்ஃப் என்பதும் அதில் வருகிற, கூர்க்காது வைத்த ஒரு கற்பனைக் குலமாம். விளையாடுகிறவர் முதலில் தனக்கென்று ஓர் ஆளை உருவாக்கிக்கொள்ள வேண்டும். எந்த நிறம், எந்த மூக்கு, எந்தக் குலம் என்று அவரே வைத்துக்கொண்டு, கதை முழுக்க அந்த ஆளாகவே போக வேண்டும். அந்த முகங்களைச் செய்வதுதான் என் மகள் வேலை. விளையாட்டைத் திறந்ததும் முதலில் வந்து நிற்கிற முகம் கறுப்பாக இருக்க வேண்டும் என்று அவள் ஆறு மாதமாகச் சண்டை போட்டிருக்கிறாள். அவளுடைய மேலதிகாரி நகுல் சார், "பட்டியல்ல எத்தனை கறுப்பு வேணும்னாலும் வை, முதல் முகம் மட்டும் எல்லாருக்கும் புடிச்ச மாதிரி செவப்பா இருக்கட்டும்" என்று ஆறு மாதமாக மறுத்திருக்கிறார். கடைசியில், சரி, திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் காட்டு, பார்த்து முடிவு செய்வோம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தத் திங்கட்கிழமைக்காக அவள் செய்து வைத்த முகத்தைத்தான் ஞாயிற்றுக்கிழமை நான் நர்ஸ் ஆக்கினேன்.

பெரிய திரையில் என் கைவண்ணம் வந்து நின்றதாம். சுண்ணாம்பு நிறம், கூர்மூக்கு, நீளப் பின்னல். நகுல் சார் சிரித்துவிட்டு, "பாத்தியா, கடைசில நீயே மாத்திட்ட" என்றிருக்கிறார். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆறு மாத உழைப்பை ஒரு மத்தியானத்தில் கெடுத்துவிட்டேனே என்று கும்பிட்டே விட்டேன். "கைய எறக்குங்கப்பா, முழுசும் கேளுங்க" என்றாள். அங்கே அவள் நகுல் சாரைப் பார்த்து, "சார், இது நான் மாத்தல. எங்கப்பா மாத்துனது. அவரு கெட்டவரு இல்ல. கறுப்பா ஒரு பொண்ணப் பாத்தா, பாவம், சரி பண்ணிருவோம்னு அவரு கை தானா போயிரும். அவரு இதுவர ஒரு கறுப்பான ராணியையோ வீராங்கனையையோ எந்தப் படத்துலயும் பாத்ததில்ல. அதுக்குத்தான் இந்த முகம் முதல்ல வரணும்ங்கேன்" என்று சொல்லி, ஜனவரி மாதத்துக் கேசரி வரைக்கும் எல்லாவற்றையும் அந்தச் சபையில் சொல்லிவிட்டாள்.

பிறகு மாதுங்காவிலிருந்து வருகிற ஸ்மிதா என்ற பெண், "எங்காத்துலயும் இதேதான். என் போட்டோவைப் பார்த்துட்டு எங்கப்பாவே 'இது யாரு'ன்னு கேட்டார்" என்றாளாம். அப்புறம் ஒவ்வொருவராக ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் நகுல் சாரே தன் மொபைலை எடுத்துத் தன் கல்யாணப் போட்டோவைக் காட்டியிருக்கிறார். பின்னால் இருக்கிற சுவர் எது, அவர் எது என்று தெரியவில்லையாம். முத்துமாரி செய்த முகமே முதல் முகம் என்று அன்றே முடிவாகிவிட்டது. நான் செய்த முகத்தையும் வீணாக்கவில்லை. இரண்டாவது குகையில், அடுத்தவர் முகத்தைத் திருடி மாட்டிக்கொள்கிற ஒரு சூனியக்காரி வருகிறாள். அவளுக்கு அதை வைத்துவிட்டார்கள். இதைச் சொல்லும்போது என் மகள் சிரித்தாள், அக்கா. ஜனவரிக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. கேம் செய்தவர்களுக்கும் நகுல் சாருக்கும் அந்தச் சூனியக்காரிக்கும்கூட நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டவன்.

அவள் முதலில் செய்திருந்த முகத்தை மறுபடி காட்டினாள். அப்போதுதான் அந்த மூக்கை எங்கே பார்த்தேன் என்று தெரிந்தது. என் மூக்கு. என்னோடு பேசாமல் இருந்த ஆறு மாதத்தில் அவள் என் மூக்கைத்தான் தன் வீராங்கனைக்கு வைத்திருக்கிறாள். நான் அதைச் சீவி எறிந்திருக்கிறேன். பிறகு இருட்டுக் குகைக்குள் அந்தப் பெண் நடந்து போவதைக் காட்டினாள். முதலில் குகைக்குள் போனால் கறுப்பு முகம் தெரியாமல் போய்விடுமாம். எல்லோரும் நிறத்தை ஏற்று என்றார்களாம். இவள் நிறத்தைத் தொடாமல் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி வைத்திருக்கிறாள். கன்னமும் நெற்றியும் எண்ணெய் தடவிய சிலை மாதிரி மின்னின. அக்கா, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. இது எனக்கு எப்போதும் தெரியும். விளக்கைச் சரியாக வைத்தால் போதும், யாரையும் வெளுக்க வேண்டியதில்லை. அதற்குப் பத்து நிமிடம் கூடுதலாகும், கோட்டை இழுக்கப் பத்து விநாடி. இருபத்தாறு வருடமாக நான் பத்து விநாடிக்காரனாகவே இருந்துவிட்டேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் கடையை ஒரு மணி நேரம் மூடி, விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, முத்துமாரியை நானே போட்டோ எடுத்தேன். ஒரு புள்ளியும் தொடவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். பழைய போட்டோவை வாங்கிவிட்டு இதைக் கோட்பந்தர் ரோட்டில் கொடு. இதைப் பார்த்துப் பிடித்தால் ஞாயிற்றுக்கிழமை வரட்டும், பிடிக்காவிட்டால் கேசரிக்கு ரவை மிச்சம். முத்துமாரியிடமும் கேட்டுவிட்டேன். "இந்த போட்டோ போவட்டும், வாறவங்க வரட்டும். ஆனா நானும் கேள்வி கேப்பேன்" என்கிறாள். கடையிலும் போர்டு வைத்துவிட்டேன்: 'இங்கு உங்கள் நிறத்திலேயே போட்டோ எடுக்கப்படும்.' இரண்டு பேர் படித்துவிட்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

நன்றி என்று சொன்னேனே, அது இதற்குத்தான். அவளை அனிமேஷன் படிப்பில் சேர்க்க மாட்டேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றபோது, நீதான் தாணேயிலிருந்து ரயிலேறி வந்து, என் கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "புள்ளைய சேக்காம நான் டீ குடிக்க மாட்டேன்" என்று நாலு மணி நேரம் வாடிக்கையாளர் யாரையும் உள்ளே விடாமல் சண்டை போட்டாய். அன்று உன்னை மனதுக்குள் என்னவெல்லாமோ திட்டினேன். எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ குறுக்கே பேசாத ஒரே இடத்தில் இதைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

அத்தானுக்கு என் கும்பிடு. அவர் முழங்கால் படியேறவும், உன் வாய் என்றைக்கும் ஓயாமல் இருக்கவும் எல்லாம் வல்ல முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உன் சொல்லுக்குக் கட்டுப்பட்ட தம்பி,
பிரம்மநாயகம்

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று காலை முத்துமாரி லேப்டாப்பை என்னிடம் கொடுத்து, "உங்களுக்கும் ஓர் ஆளு செஞ்சு வெளயாடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். என்னை மாதிரியே ஓர் ஆள் செய்ய உட்கார்ந்தேன். தலையில் கொஞ்சம் முடி வைத்தேன். கொஞ்சம் என்றால், தோள் வரை. தொப்பையை எடுத்தேன். மூக்கைத் தொடவில்லை, சத்தியம். நிறத்துக்கு வந்தபோது, அக்கா, கை தானாகப் போய்விட்டது. மூன்று புள்ளி. 'கன்ஃபர்ம்' அமுக்கித் திரும்பினால், தலையில் துண்டோடு அவள் பின்னால் நிற்கிறாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். "போட்டோவுல உள்ள ஆளு எங்க? அவர வரச் சொல்லுங்க" என்றாள். நிறத்தை இறக்கிவிட்டேன், தொப்பையையும் திரும்ப வைத்துவிட்டேன். முடியை மட்டும் போனால் போகிறது என்று அவளே விட்டுக்கொடுத்தாள்.