டென்சில் கெடுத்த வட்டம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வீட்டுக்குப் போவதே இல்லை என்று டென்சில் முடிவெடுத்துவிட்டான். சாயங்காலம் லிங்கராஜபுரம் மைதானத்தில் ஃபுட்பால் ஃபைனல். மைத்துனன் சின்னப்பா இருப்பதோ ஊரின் மறுமுனையில், அடுகோடியில். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். சாப்பாடு போட்டுவிட்டு இருட்டும்வரை ஆர்மோனியம் வாசிப்பான், பாவி.

பஸ் என்றால் மனைவி அல்போன்சாவுக்குக் குமட்டும். ஆக, சைக்கிள் கெட்டால் பயணம் கெட்டது. காலையில் பூசைக்குக் கிளம்புமுன், அவள் குளிக்கிற நேரமாகப் பார்த்து, பின்சக்கரத்தில் நாலு ஸ்போக்ஸ் கம்பிகளைத் தளர்த்திவிட்டான். ஃபேக்டரியில் லேத் டர்னர் ஆயிற்றே, வேலை சுத்தம்.

பூசை முடிந்து வந்ததும் சைக்கிளைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினான். சுற்றுக்கு ஒரு தரம் பிரேக்கில் இடித்தது.

“போச்சு அல்போன்சா! வட்டம் கெட்டுப்போச்சு.”

“ஸ்வல்பந்தானே? மெதுவா போலாம்.”

“ஸ்வல்பமா? சுத்துற சாமான் எல்லாம் ஏன் வட்டமா இருக்குது, தெரியுமா? நடுவுலேர்ந்து எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே தூரம். ஒரு பக்கம் தூக்குச்சின்னா கனம் அங்க இழுக்கும். மெஷினே டான்ஸ் ஆடும்!”

“சர்ச்சுல ஃபேன் சுத்துதே, அது வட்டமா?”

டென்சில் சக்கரத்தை இன்னொரு சுற்று விட்டான்.

“அது... மூணு ரெக்கையும் ஒரே கனம். சரிசமமா நிக்குது. அதுவும் வட்டத்துல சேத்திதான்!”

“அடேயப்பா!” அல்போன்சா கன்னத்தில் கை வைத்தாள். “எவ்ளோ விஷயம் தெரியுது உங்களுக்கு! சக்கரத்துக் கோட்டம் எடுக்கத்தான் தெரியல, பாவம். அதுக்கு சைக்கிள் கடை பெருமாள்சாமிதான் வரணும். இன்னிக்கு அவருக்கு லீவு.”

“யாருக்குத் தெரியல?”

“கோவிச்சுக்காதீங்க. லேத்துக்காரங்க கைக்கு அது வராதுன்னு அவரே சொன்னாரு.”

டென்சிலுக்கு ரத்தம் தலைக்கேறியது. மயிரிழை பிசகாமல் இரும்பு கடைகிற கை இது! ஸ்போக்ஸ் சாவியை எடுத்தான். இந்தக் கம்பியை இறுக்கினான், அந்தக் கம்பியைத் தளர்த்தினான், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான். பத்தே நிமிஷம். ரிம்மின் ஓரத்தில் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு சுற்றினான். எங்கும் உரசவில்லை.

“இப்ப சொல்லு! எங்க இருக்குது கோட்டம்?” சாவியைக் கீழே போட்டுவிட்டு, சைக்கிளை நிமிர்த்தி, ஜம்மென்று சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

பின்னால் கேரியர் அமுங்கியது. புதுப் புடவையும் மடியில் கேக் டப்பாவுமாக அல்போன்சா.

“மிதிங்க,” என்றாள். “ஸ்போக்ஸ் சாவி எம் பையில பத்திரமா இருக்குது. அடுத்த தரம் அண்ணன் கூப்பிட்டா, நான் குளிக்கப் போறப்ப மறுபடியும் வட்டம் கெட்டுடப்போவுது.”