முப்பது நொடி பிந்தி வந்த கோல்

சுவருக்கு அந்தப் பக்கம் கோல் விழுந்துவிட்டது. இந்தப் பக்கம் இன்னும் விழவில்லை.

“கோல்! கோல்டா!” என்று நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டு கைகளையும் தூக்கினார் எலிசேயோ. எண்பத்திரண்டு வயதில் அவ்வளவு வேகமாக எழுந்தது ஆச்சரியம்தான்.

அவர் மகன் நெஸ்தோர் புது டிவியைப் பார்த்தான். அதில் சான் தாமியான் அணியின் கோல்கீப்பர் நிதானமாகக் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா கோல்? பந்து இன்னும் நம்ம கீப்பர்கிட்டயே இருக்கு.”

“பொறுடா, வரும்.”

முப்பது நொடி கழித்து வந்தது. நெஸ்தோர் துள்ளினான், கத்தினான், கட்டிக்கொள்ள அப்பாவைத் தேடினான். அப்பா அதற்குள் கொண்டாடி முடித்து, உட்கார்ந்து மாத்தே டீ உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஒரே கோலை அப்பாவும் மகனும் தனித்தனியாகக் கொண்டாடியது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

எல்லாம் பக்கத்து வீட்டு ஒதிலியாவால் வந்த வினை. ரொசாரியோ சந்தையில் முப்பது வருஷம் மீன் விற்றவள். அவள் தொண்டைக்குச் சுவரெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கோலுக்கு மட்டும் கத்தினால் பரவாயில்லை. “இடது பக்கம் போறான், போறான், ஐயோ பாஸ் குடுடா பாவி, குடுத்துட்டான்!” என்று தொண்ணூறு நிமிஷமும் ஓயாமல் கத்துவாள். அவளுடைய ஓட்டை டிவிக்கு மொட்டை மாடியில் ஆன்டெனா. மேட்ச் உடனுக்குடன் வந்துவிடும். நெஸ்தோர் வாங்கிய ஸ்மார்ட் டிவியோ இன்டர்நெட்டில் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.

கடைக்காரனுக்குப் போன் போட்டான். “அரை நிமிஷம் முன்ன பின்ன இருக்கும் சார். அதுக்குப் பதிலா படம் எவ்வளவு தெளிவு பாருங்க!” என்றான் அவன்.

தெளிவில் குறையே இல்லை. புல்லைக்கூட எண்ணலாம். அதற்காகத்தானே வாங்கினான்? பழைய டிவியில் ஒரு வருஷமாக நடுவில் ஒரு ஊதாப் பட்டை. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் நெஸ்தோரின் நெஞ்சை அறுத்தது. ரயில்வேயில் சிக்னல்காரராக இருந்து, மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் எரியும் விளக்கின் நிறத்தைச் சொல்லிவிடும் மனிதர், இந்தக் கண்ணராவியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று.

அம்மா அமாலியா போன பிறகு அப்பாவுக்கும் மகனுக்கும் பேச வேறு விஷயம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நெஸ்தோர் ராவியோலி பாஸ்தா வாங்கிக்கொண்டு வருவான், சாப்பிடுவார்கள், சான் தாமியான் மேட்ச் பார்ப்பார்கள், அவன் போய்விடுவான். போன வருஷம் அப்பா கெட்டிலைக் காலில் போட்டுக்கொண்டபோது, “நல்ல முதியோர் இல்லம் ஒண்ணு இருக்காம்பா, தோட்டமெல்லாம் இருக்காம்” என்று ஆரம்பித்தான். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட அவர் எதையும் கீழே போடவில்லை.

இப்போது சொந்த ஊர் அணி முப்பத்தோரு வருஷத்துக்குப் பிறகு முதல் டிவிஷனுக்கு ஏறப்போகிறது. இன்னும் இரண்டே மேட்ச். அடுத்த தடவை ஏறும்போது அப்பா இருக்க மாட்டார் என்பது நெஸ்தோருக்குத் தெரியும். அவர் இதை ஆசைதீரப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

“நடுவுல டிவிய மாத்தாதடா, ராசி போயிரும்” என்று அப்பா சொல்லத்தான் சொன்னார். ராசி பார்க்காதவர்கள் அந்த ஊரில் யார்? நெஸ்தோர் இரண்டு மாதமாகச் சட்டையைத் துவைக்கவில்லை. அவன் மைத்துனன் முழு மேட்சையும் கக்கூசில் உட்கார்ந்தே கழிப்பான். அப்பாவின் ராசி, நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, சுவரில் காதைச் சாய்த்து உட்காருவது. அதில் யாரும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது.

“புது டிவி எப்படிப்பா இருக்கு?”

“பெருசா இருக்கு.”

“கலரு?”

“கலருக்கென்ன, கலர்தான்.”

இவ்வளவுதான் பாராட்டு. அரை நிமிஷத் தாமதம் அவரை வாட்டுகிறது என்று நெஸ்தோர் முடிவு கட்டினான்.

அரையிறுதிக்கு அவன் காதில் மாட்டும் ஹெட்போன் ஒன்றோடு வந்தான். “இதைப் போட்டுக்கப்பா. ஒதிலியாக்கா கத்துறது கேக்காது. மேட்ச் சத்தம் மட்டும் கேக்கும்.”

“காது அரிக்கும்டா.”

“அரிக்காது. போட்டுப் பாரு.”

போட்டுக்கொண்டார். ஆட்டம் நெடுக, பஸ் வராத ஸ்டாப்பில் நிற்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எழுபதாவது நிமிஷத்தில் சான் தாமியான் கோல் போட்டது. ஹெட்போனில் வர்ணனைக்காரர் அலறியதும் அப்பாவும் அலறினார். இருவரும் கட்டிக்கொண்டார்கள். நெஸ்தோருக்குக் கண் கலங்கியது.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்பா மறுபடி துள்ளினார். “ரெண்டாவது! ரெண்டாவது கோலுடா!”

“அப்பா, அது ரீப்ளே. அதே கோலைத்தான் திருப்பிக் காட்டுறான்.”

அப்பா கையைத் தூக்கியபடியே நின்றார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

“தெரியும்டா. ஒரு தடவை கத்தினா பத்துமா?”

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “அந்த வர்ணனைக்காரன் ஒரு மடையன். ‘பாருங்க, பாருங்க’ங்கறானே ஒழிய எதைன்னு சொல்லமாட்டேங்கறான்.”

இதை நெஸ்தோர் மனதில் குறித்துக்கொண்டான். அப்பாவுக்கு வர்ணனை பிடிக்கவில்லை.

அந்த வாரமே ஒதிலியாவின் கதவைத் தட்டினான்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஃபைனல் அன்னிக்கு மட்டும் கொஞ்சம் கத்தாம இருக்க முடியுமா?”

ஒதிலியா ஈரக் கையைத் துடைத்தபடி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்கப்பாகிட்ட கேட்டியா?”

“அவருக்காகத்தான் கேக்குறேன்.”

“அவர்கிட்ட கேட்டியான்னு கேட்டேன்.”

“அவர் வாயத் தொறந்து சொல்லமாட்டாருக்கா. எனக்குத் தெரியாதா எங்கப்பாவை?”

ஒதிலியா எதையோ சொல்ல வந்து விழுங்கினாள். “என்னால வாயை மூடிக்கிட்டு மேட்ச் பாக்க முடியாது தம்பி” என்று மட்டும் சொன்னாள்.

நெஸ்தோர் பஸ் கம்பெனி கவுன்ட்டரில் வேலை பார்ப்பவன். ஃபைனல் கோர்தபா நகரில், இரண்டு அணிக்கும் பொதுவான மைதானத்தில். மறுநாளே, போகவர பஸ் டிக்கெட்டும் மைதான டிக்கெட்டும் கொண்டுவந்து ஒதிலியாவிடம் நீட்டினான். தன் புத்தியை எண்ணி அவனுக்கே பெருமையாக இருந்தது.

“எனக்கு வேண்டாம். நான் இங்கதான் இருக்கணும்” என்றாள் அவள்.

சந்தின் அந்தக் கோடியில் நின்றிருந்த எலிசேயோ சுவரைத் தடவிக்கொண்டே அருகில் வந்தார். “போயிட்டு வா ஒதிலியா. பையன் ஆசைப்படுறான்.”

“நீங்க?”

“எனக்கென்ன, புது டிவி இருக்குல்ல.”

ஒதிலியா அழுதுவிடுவாள் போலிருந்தது. மைதானத்தில் நேரில் பார்க்கப்போகும் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டான் நெஸ்தோர்.

ஃபைனல் அன்று மத்தியானம் வீடு அமைதியாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நெஸ்தோர் ரிமோட்டை எடுத்தான்.

“இன்னொரு ஏற்பாடும் பண்ணியிருக்கேம்பா. இந்த டிவியில வர்ணனையவே நிறுத்திடலாம். ஜனங்க சத்தம் மட்டும் வரும். அந்த மடையன் தொல்லையே கிடையாது.”

“அப்படியா” என்றார் அப்பா. “அவ்வளவு தூரத்துக்கு வந்துட்டாங்களா.”

ஆட்டம் தொடங்கியது. ஐம்பதாயிரம் பேரின் இரைச்சல் அறையை நிறைத்தது. அப்பா வழக்கம்போல் சுவரில் காதைச் சாய்த்திருந்தார். கொஞ்ச நேரத்தில் காதை எடுத்துவிட்டார்.

“என்னடா பண்றாங்க?”

“பாருப்பா, நீயே பாரு! இதுக்காகத்தானே இவ்வளவும் பண்ணேன்!”

அப்பாவின் பட்டன் போன் அடித்தது. நெஸ்தோர் பாய்ந்து எடுத்தான். “ஒதிலியாக்கா! கோர்தபா போயும் விடமாட்டேங்குறாங்களே!”

“குடுடா, ரெண்டு வார்த்தை பேசிட்டுத் தரேன்.”

“ஐயோ வேண்டாம்ப்பா. நமக்கு முப்பது நொடி முன்னாடியே எல்லாத்தையும் சொல்லிடுவாங்க.”

கட் பண்ணிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நீட்டிய கையை அப்பா மடியில் வைத்துக்கொண்டார். போன் மறுபடி அடித்தது, அவன் மறுபடி கட் பண்ணினான். இப்படியே ஆட்டம் முழுக்க.

ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிஷம். சான் தாமியானுக்கு ஒரு பெனால்ட்டி. நெஸ்தோர் தரையில் மண்டியிட்டான். பத்தாம் எண் பையன் ஓடிவந்தான், அடித்தான், வலை குலுங்கியது. மைதானம் வெடித்தது. பாதிக் கூட்டம் கத்தியது, பாதிக் கூட்டம் ஓலமிட்டது, இரண்டும் சேர்ந்து ஒரே சத்தமாக வந்தது.

நெஸ்தோருக்குக் கத்த வரவில்லை. அம்மா இருந்திருந்தால் என்று நினைத்தான், அவ்வளவுதான், தரையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான். முப்பத்தோரு வருஷ அழுகை. கடைசி விசில் ஊதியதுகூட அவன் காதில் சரியாக விழவில்லை.

அப்பாவின் கை காற்றில் துழாவி, அவன் தோளைத் தொட்டு, அங்கிருந்து தலைக்கு வந்தது.

“விடுடா” என்றார். “அழாத. நல்லாத்தான் ஆடினாங்க. முப்பத்தோரு வருஷம் பொறுத்தோம், இன்னொரு வருஷம் பொறுக்கமாட்டோமா? அடுத்த வருஷம் ஏறிடுவாங்க. நீ அழாத.”

நெஸ்தோர் தலையைத் தூக்கினான். சுவர் அகலத் திரையில் பச்சைச் சட்டைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டுகொண்டிருந்தார்கள். கீழே ஒரு முழ உயரத்துக்கு சான் தாமியானின் பெயர் மின்னியது. வாணவேடிக்கை வேறு.

“அப்பா, நாம ஜெயிச்சுட்டோம்பா.”

அவன் தலைமேல் இருந்த கை அப்படியே நின்றது.

“தெரியும்டா” என்றார் எலிசேயோ. “சும்மா சொன்னேன்.” கன்னத்தில் கண்ணீர் இறங்க, சிரிக்கப் பார்த்தார். அவர் சிரித்த பக்கம் டிவி இல்லை, ஜன்னல்தான் இருந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. இந்தத் தடவை நெஸ்தோர் எடுத்தான். பின்னால் கொட்டுச் சத்தம், பாட்டு, அத்தனையையும் தாண்டி ஒதிலியாவின் குரல்:

“அடப்பாவி, இருபது தடவை கட் பண்ணிட்டியே! போனை உங்கப்பா காதுல வைடா. ஒண்ணரை வருஷமா கண்ணு தெரியாத மனுஷனுக்கு நான் கத்திச் சொல்லாம வேற யாரு மேட்ச் காட்டுவா?”